நான்கு சின்னான்கள், ஒரு பிளேட்

சேலத்தில் வீட்டுக் கொல்லை முருங்கையில் உட்கார்ந்து கத்துவது செங்குதச் சின்னான், ஊர்ப்பேச்சில் கொண்டைக்குருவி. சின்னான் என்பது ஆங்கிலத்தில் புல்புல். மலையடிவாரப் புதர்க்காட்டில் குரல் மட்டும் கேட்டு ஆள் அகப்படாமல் இருப்பது வெண்புருவச் சின்னான். ஏற்காடு ஏறிக் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்தால் செம்மீசைச் சின்னான். இவற்றோடு நான்காவதாக, பாறையும் முட்புதரும் கலந்த சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

நான்குமே ஏறத்தாழ 20 செ.மீ. நீளம். அளவை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக்காட்ட முடியாது. தலை வடிவம், நிற்கும் தோரணை, எந்த இறகுக் கூட்டத்தில் எந்த நிறம் என்பவைதான் கைகொடுக்கும். பறவைக் கையேட்டுக்கு வரையக் கற்றுக்கொள்ள விரும்பும் சேலத்துக்காரருக்கு இந்த நான்கையும் ஒரே பிளேட்டில் கொண்டுவருவதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பேன். பிளேட் என்றால் கையேட்டில் நெருங்கிய இனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் படப்பக்கம்.

நல்ல கேமரா ஆளுக்கொன்று இருக்கும் காலத்தில் எதற்கு வரைய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. புகைப்படம் காட்டுவது ஒரு பறவையை, ஒரு நொடியில், அன்றைய வெளிச்சத்தில். பச்சை இலைக்கடியில் உட்கார்ந்த பறவையின் வெண்வயிறு படத்தில் பச்சை கலந்து வரும், காலை வெயிலில் சாம்பல் நிறம் பழுப்பாகும். கையேட்டுப் படமோ அந்த இனத்தின் பறவைகளுக்கெல்லாம் பொதுவானதைக் காட்ட வேண்டும். எது அந்தப் பறவையின் சொந்த நிறம், எது வெளிச்சம் செய்த வேலை என்று பிரித்துச் சொல்வதுதான் ஓவியரின் தொழில்.

களத்தில் தேவைப்படுவது கொஞ்சம்தான்: 8x42 பைனாகுலர், ஏ5 அளவில் கெட்டி அட்டை நோட்டு, 2பி பென்சில் இரண்டு. ரப்பர் வேண்டாம், அழிக்கிற நேரத்தில் பறவை போய்விடும். முதலில் கொக்குகளில் கைப்பழக்கம் செய்துகொள்ளலாம். மூக்கனேரிக் கரையில் மடையான் பத்து நிமிடம் அசையாமல் நின்று கொடுக்கும், சின்னான் பத்து விநாடிகூட நிற்காது. அதற்கு ஒரு வழி உண்டு. ஒரே பக்கத்தில் ஐந்தாறு கோட்டுருவங்களைத் தொடங்கி வைக்க வேண்டும். பறவை திரும்பினால் அடுத்த உருவத்துக்குப் போவது, மறுபடி பழைய நிலைக்கு வந்தால் பழைய உருவத்துக்குத் திரும்புவது. முதுகுக்கோடு எந்தச் சாய்வில் இருக்கிறது, தலை அதில் எங்கே உட்காருகிறது, வால் எந்தக் கோணத்தில் பிரிகிறது என்று மூன்று கோடு போதும். கண்ணையும் அலகையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கக்காரர்கள் எல்லோரிடமும் வரும் பிழைகள் இரண்டு. ஒன்று கால். நாம் முழங்கால் என்று நினைக்கும் மடிப்பு உண்மையில் கணுக்கால். முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கும். ஆகவே அந்த மடிப்பு பின்பக்கமாகத்தான் மடியும், பாதம் உடலின் எடை மையத்துக்கு நேர் கீழே வர வேண்டும். பாதத்தை அரை செ.மீ. பின்னால் வைத்துவிட்டால் பறவை கிளையிலிருந்து முன்பக்கம் கவிழப்போவதுபோல் இருக்கும். இன்னொன்று கண். அதைத் தலையின் நடுவில் பெரிதாக வைப்பார்கள். சின்னானின் வாய்ப்பிளவுக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் கண் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, பிளவு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பது தெரியும். கண்ணைப் பெரிதாக்கினால் வளர்ந்த பறவை குஞ்சாகிவிடும்.

அடுத்து அளவு. நூலில் 20 செ.மீ. என்று இருப்பது, பறவையை மல்லாக்கக் கிடத்தி அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை எடுத்த நீளம். கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவையை அதே 20 செ.மீ.க்கு வரைந்தால் இனம் மாறிப்போகும். நம்பக்கூடிய அளவுகள் நான்கு: மடங்கிய இறக்கையின் வளைவிலிருந்து மிக நீண்ட இறகின் நுனிவரை, வால், கணுவிலிருந்து விரல்வரையிலான கால் எலும்பு, அலகு. ஜியோமெட்ரி பெட்டியில் கிடக்கும் டிவைடர் போதும். இறக்கையின் நீளத்தை அடிப்படை அளவாக வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதன் விகிதமாகக் குறித்துக்கொண்டால், எந்தத் தோரணையில் வரைந்தாலும் உடல் கலையாது.

இந்த அளவுகள் வருவது அருங்காட்சியக மாதிரிகளிலிருந்து. பஞ்சு அடைத்து மல்லாக்கக் கிடத்திய தோல்கள் அவை. 1929-30இல் நடந்த வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு சேர்வராயன், சித்தேரி மலைகளிலும் மாதிரி சேகரித்தது. பறவையியலாளர்கள் ஹக் விஸ்லரும் கின்னியரும் அதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக எழுதினார்கள். நம் மலைப் பறவைகளின் அளவு தேடுபவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் மாதிரியில் எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். இறகின் வடிவமும் எண்ணிக்கையும் நம்பலாம். கண் இருந்த இடத்தில் பஞ்சு இருக்கும். அலகு, கால், கண்ணைச் சுற்றிய தோல் எல்லாம் காய்ந்து நிறம் மாறியிருக்கும். அவற்றின் உயிர்நிறம் காலில் கட்டிய சீட்டில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கழுத்து, தோலை உரித்தவர் கையைப் பொறுத்து நீண்டோ குறுகியோ இருக்கும். பழைய தோல்களில் கரும்பழுப்பு செம்பழுப்பாக வெளுத்திருக்கும்.

செத்த தோலை மட்டும் பார்த்து வரைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் சாட்சி நிறைய. எல்லாப் பறவைக்கும் ஒரே விறைத்த நிற்பு. அதற்கு நேர்மாறான ஆள் எலிசபெத் குவில்லிம். சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதியின் மனைவியாக 1801இல் வந்து, 1807இல் இங்கேயே இறந்தவர். உயிருள்ள பறவைகளைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்திருக்கிறார். 1924இல் லண்டனில் கேசி வுட் கண்டெடுத்த அந்தப் படங்கள் இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அதற்குப் பிறகு வந்த ஜெர்டன், சென்னை ராணுவத்தில் மருத்துவர். மஞ்சள் தொண்டைச் சின்னானை அறிவியலுக்கு விவரித்தவர் அவர்தான். 1843க்கும் 1847க்கும் இடையில் ஐம்பது படங்களோடு அவர் கொண்டுவந்த இந்தியப் பறவைத் தொகுப்புக்கு இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். தொகுப்பைச் சொன்னால் ஜெர்டன் பெயர் வருகிறது, வரைந்த கைகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் காலத்தில் கோவாவின் கார்ல் டி'சில்வா போன்ற பறவை ஓவியர்களுக்கு நூலிலேயே பெயர் கிடைத்தது; அது சின்ன மாற்றமில்லை.

தெருவில் அடிபட்டுக் கிடக்கும் பறவையை வீட்டுக்கு எடுத்துவந்து அளக்கலாமே என்று தோன்றும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். கிடக்கிற இடத்திலேயே பக்கத்தில் ஸ்கேலை வைத்து, இறக்கையை விரித்தும் மூடியும், நேர் மேலிருந்து படமெடுத்துக்கொண்டால் வேண்டிய அளவு எல்லாம் அதிலேயே கிடைக்கும். மலைப்பாதை வளைவில் குனிந்து நின்று இதைச் செய்யாமலிருப்பது புத்தி.

இனி இறக்கைக்கு வருவோம். பறவை ஓவியம் தேறுவதும் தோற்பதும் இங்கேதான், அதனால் சற்று நின்று பார்க்கலாம்.

சின்னானின் இறக்கையில் நுனிப்பகுதியில் பத்துப் பிரைமரி இறகுகள், வெளியோரத்தில் இருப்பது குட்டை. அதற்கு உள்ளே ஒன்பது செகண்டரி. அவற்றில் உடலை ஒட்டிய மூன்றைத் தனியாக டெர்ஷியரி என்பார்கள். வாலில் பன்னிரண்டு. இறக்கை மூடும்போது செகண்டரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் செருகிக்கொள்ள, டெர்ஷியரி மூன்றும் மேலே வந்து மூடி போட்டுக்கொள்ளும். மிக உள்ளே இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல். மடங்கிய செகண்டரிகள் ஓரக்கோடுகளாக மட்டும் தெரியும். பிரைமரிகளின் நுனிகள் டெர்ஷியரிக்கு அப்பால் எட்டிப் பார்க்கும். தகைவிலான் போல நெடுந்தூரம் பறக்கும் பறவைகளில் இந்த நீட்டம் அதிகம். வட்ட இறக்கைச் சின்னானில் குறைவு. இந்த நீட்டத்தை நீளமாக்கி வரைந்தால், நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பறவையைத் தெரிந்தவர் "இது என்னமோ சின்னான் மாதிரி இல்லையே" என்பார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

தோள்பட்டை இறகுகள் மேலிருந்து இறக்கையின் மேல்விளிம்பை மூடும், மார்பின் பக்கவாட்டு இறகுகள் முன்னாலிருந்து இறக்கையின் வளைவை மூடும். ஓய்வாக உட்கார்ந்த பறவையில் இறக்கை இந்த இரண்டுக்கும் நடுவே செருகியிருக்கும். தொடக்கக்காரர்கள் இறக்கையை உடலின் மேல் ஒட்டவைத்த தனி இலையாக வரைவது இதைக் கவனிக்காததால்தான். வாலில் இன்னொரு கண்ணி: மேலிருந்து பார்த்தால் நடு ஜோடி மேலே இருக்கும், கீழிருந்து பார்த்தால் வெளி ஜோடிதான் முன்னால் தெரியும். மஞ்சள் தொண்டைச் சின்னானின் வால் நுனி வெளிர்நிறம் ஓர இறகுகளில்தான் பளிச்சென்று இருக்கும். ஆகவே கீழ்ப்பார்வையில் வரைந்தால் அந்த அடையாளம் தானாகவே வந்துவிடும். பிளேட்டில் அதற்கு மட்டும் அந்தத் தோரணையைக் கொடுப்பது நல்ல தேர்வு.

செங்குதச் சின்னானின் உடலில் தெரியும் பிறை வரிகள், கரும்பழுப்பு இறகுகளின் வெளிர்ந்த ஓரங்கள். பிடரியில் சின்னதாகத் தொடங்கி முதுகில் பெரிதாகும். எல்லாவற்றையும் ஒரே அளவில் போட்டால் பறவை மீன் செதில் போர்த்திக்கொண்டு நிற்கும். இந்த ஓரங்கள் இறகு பழசாகத் தேயும். இறகு உதிர்த்துப் புதுசு முளைத்த பறவையில் தெளிவாகவும், குஞ்சு வளர்த்துக் களைத்த பறவையில் மங்கலாகவும் இருக்கும். அதனால் மாதிரிக்கு எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு படத்திலும் தேதியைக் குறித்து வையுங்கள்.

செம்மீசைச் சின்னானில் வேறு ஆபத்து. இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழும் படங்களில் பாதி வேறு நிலப்பகுதிகளில் எடுத்தவை. வடக்கே, கிழக்கே உள்ள பறவைகளுக்கு வால் நுனியில் வெள்ளை உண்டு. நம் தென்னிந்தியக் கிளையினத்துக்கு அது கிடையாது. மார்பின் கருப்புப் பட்டையும் ஏறக்குறைய நடுவரை வந்து சேரும். வெளியூர்ப் படத்தைப் பார்த்து வால் நுனியில் வெள்ளை வைத்தால் ஏற்காட்டில் இல்லாத பறவையை ஏற்காட்டுப் பறவை என்று அச்சடித்தாகிவிடும். குஞ்சுக்குச் செம்மீசை இருக்காது, வாலடி சிவப்பும் மங்கிய ஆரஞ்சாக இருக்கும். பக்கத்தில் அதையும் சிறிதாக வைக்க வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவர்கள் புது இனம் என்று எண்ணிக் குழம்புவார்கள்.

பிளேட்டில் நான்கும் ஒரே பக்கம் பார்த்து, ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் இடது மேலிருந்து. அச்சில் வருவதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது வசதி: அச்சில் 6 செ.மீ. வேண்டுமென்றால் தாளில் 9 செ.மீ. அதற்கும் பெரிதாக வரைந்தால் ஒவ்வொரு இறகுக்கும் கோடு போடும் ஆசை வரும். சுருக்கும்போது எல்லாம் சேர்ந்து அழுக்காகத் தெரியும்.

கிளையும் இலையும் அலங்காரம் அல்ல. செம்மீசைக்குக் காப்பிக் கிளை வைத்தால் இலைகள் எதிரெதிராக, ஓரம் அலையலையாக, காய்கள் கணுவில் கொத்தாக இருக்க வேண்டும். சில்வர் ஓக் என்றால் இலையின் அடிப்புறம் வெள்ளி. வெண்புருவத்துக்கு உண்ணிச்செடி, மஞ்சள் தொண்டைக்குப் பாறையில் வேர்பிடித்த அத்தி வகை ஏதாவது. குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகும் கொடிக்கால் வாலாட்டியை மே மாதத்து மயிற்கொன்றைப் பூவுக்கடியில் நிறுத்தும் படங்களைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

பென்சில் வரைவு முடிந்ததும் டிரேசிங் பேப்பரில் எடுத்து, பின்பக்கம் 2பி தேய்த்து, நல்ல தாளுக்கு மாற்றுவது. நல்ல தாள் என்றால் 300 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி, வழவழப்பான ஹாட் பிரஸ். சொரசொரப்பான கோல்டு பிரஸ் நிலக்காட்சிக்குச் சரி, இறகுக்கோடு அதில் உடையும். பள்ளிக்கூட டிராயிங் தாளில் மூன்றாவது பூச்சிலேயே நார் கிளம்பிவிடும்.

இங்கே சேலமும் ஏற்காடும் ஓவியருக்கு இரண்டு எதிர்த் தொல்லைகளைத் தருகின்றன. ஏப்ரலில் சேலத்தில் வெயில் 40ஐத் தொடும். தூரிகையை எடுப்பதற்குள் வாஷின், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சின், ஓரம் காய்ந்து கோடு விழும். விடியற்காலையில் வேலை செய்வது, வாஷ் இடும் பகுதியை முன்னதாக வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்வது, ஃபேனை நிறுத்துவது ஆகிய மூன்றும்தான் வழி. சேலத்து ஏப்ரலில் ஃபேனை நிறுத்தச் சொல்வது கொடுமைதான், தெரிந்தே சொல்கிறேன். ஏற்காட்டில் ஐப்பசி மழையில் கதை தலைகீழ். வாஷ் காயவே காயாது. காய்ந்துவிட்டது என்று நம்பி அடுத்த பூச்சு வைத்தால் முதல் பூச்சு கிளம்பி வரும். ஹேர் டிரையரை ஓரடி தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே காய வைக்கலாம். அதைவிட மோசமானது, அலமாரியில் இருந்த தாளே கெட்டுப்போவது. ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தாளின் பசைப்பூச்சு அரித்துவிடும். பார்வைக்குத் தெரியாது, வண்ணம் வைத்ததும் அங்கங்கே ஒற்றுத்தாள்போல உறிஞ்சும். எந்தத் தாளையும் தொடங்கும் முன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் நல்லது, உடனே இறங்கிக் கறுத்தால் அந்தத் தாள் பென்சிலுக்கு மட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பது பாதுகாப்பு. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் லேசாகச் சூடுகாட்டி மறுபடி போடலாம்.

வண்ணத்தில் மஞ்சள் தொண்டைச் சின்னானை மட்டும் முழுக்கச் சொல்கிறேன். அதன் முதுகின் ஆலிவ் பச்சை, இறகில் கருநிறமியும் மஞ்சள் நிறமியும் சேர்வதால் வருவது. தாளிலும் அப்படியே செய்யலாம்: அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா செம்பழுப்பும் கலந்த சாம்பலோடு லெமன் யெல்லோ. டியூபில் வரும் பச்சையைத் தொட்டால் கிளி வந்துவிடும். தொண்டைக்கு லெமன் யெல்லோவை முதலில் வைத்து நன்றாகக் காயவிட வேண்டும். பிறகுதான் மார்பின் சாம்பலை அதன் எல்லைவரை, இறகு நுனி வடிவில் சிறு கீற்றுகளாகக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் ஈரமாகச் சந்தித்தால் சாம்பலில் உள்ள நீலம் மஞ்சளில் ஏறிப் பச்சையாகும். தொண்டை அழுக்கானால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. மஞ்சளுக்கு நிழல் கறுப்பால் வைக்கக் கூடாது, அதுவும் பச்சையாகும். நீர்த்த ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பு போதும்.

நிழல் பொதுவாகவே குறைவாக இருக்க வேண்டும். கையேட்டைப் பார்ப்பவருக்கு நிழல் எது, இறகின் நிறம் எது என்று தெரியாது. வெண்புருவச் சின்னானின் வெளிறிய வயிற்றில் அழுத்தமாகச் சாம்பல் நிழல் வைத்தால், பக்கத்தில் இருக்கும் மஞ்சள் தொண்டையின் சாம்பல் மார்போடு குழப்பிக்கொள்வார்கள். படமாக அழகாக இருக்கும், கையேடாகத் தோற்றுவிடும்.

செங்குதத்துக்கும் செம்மீசைக்கும் சிவப்பு வேண்டும். பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கும். பைரோல் ரெட் நிற்கும். எந்தச் சிவப்பை வாங்கினாலும் ஒரு துண்டுத் தாளில் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, சேலத்து ஜன்னல் வெயிலில் இரண்டு மாதம் ஒட்டிவைத்துப் பாருங்கள். கடைசியாக இறகு ஓரங்களுக்கு வெள்ளைக் கவ்வாஷ், அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம். கருநிறத்தின் மேல் மெல்லிசாக வைத்த வெள்ளை நீலம் பூத்துத் தெரியும்; துளி ரா சியன்னா கலந்தால் சரியாகும். கண்ணில் ஒளிப்புள்ளி இடது மேலே, ஒன்று மட்டும்.

ஸ்கேன் 600 டிபிஐ, கூடவே கலர் சார்ட் வைத்து. நான்கு மை அச்சில் திரையில் தெரியும் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் அடங்கித்தான் வரும், அதை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ளக் கூடாதது, மஞ்சள் மை கூடி ஆலிவ் முதுகு பச்சையாவதும் சாம்பல் மார்பில் மஞ்சள் படிவதும். புரூஃபில், அதாவது சரிபார்க்கத் தரும் மாதிரி அச்சில், மார்பைப் பாருங்கள், தொண்டையை அப்புறம் பார்க்கலாம். சாம்பல் சாம்பலாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக இருக்கும். டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று பாருங்கள். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை இறங்கி நிறம் மங்கும். பிளேட் பக்கங்களுக்கு மட்டுமாவது பூச்சுள்ள ஆர்ட் பேப்பர் கேட்டு வாங்க வேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. இந்தத் தொழிலை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துவது கடினம்; அறிவிப்புப் பலகை, பாடநூல், வகுப்பு எடுப்பது என்று சேர்த்தால்தான் ஓடும். பறவைக் கணக்கில் கூலி பேசுங்கள், பக்கக் கணக்கில் பேசினால் குஞ்சும் பெண்ணும் பறக்கும் தோற்றமும் இலவசமாகப் போகும். கொடுப்பது ஒரு பதிப்புக்கான அச்சு உரிமை மட்டும், மூலப்படம் ஓவியரிடமே என்று எழுத்தில் வாங்குங்கள். பென்சில் வரைவைப் பறவையியலாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வண்ணத்தைத் தொடுவது என்பதையும் அதே தாளில் சேர்க்கவும். பென்சிலில் கால் நீளத்தைத் திருத்தப் பத்து நிமிடம் ஆகும், வண்ணம் பூசியபின் அந்தப் பறவையை முதலிலிருந்து வரைய வேண்டும், அதற்குக் கூலி யார் தருவது என்ற பேச்சு அப்போது எழக் கூடாது.